லாங்வுட் சோலை, கோத்தகிரி: அப்பாவோடும் மகனோடும் ஒரு காலை நடை

கோத்தகிரிக்குப் போவதென்றால் எங்கள் வீட்டில் ஒரே வழக்கம்தான். விடிகாலையில் திருப்பூரிலிருந்து கிளம்புவது, கோடநாடு காட்சிமுனையில் நின்று கீழே பார்ப்பது, கேத்தரின் அருவிக்கு ஒரு நடை, வரும் வழியில் டீத்தூள் வாங்கிக்கொண்டு இரவுச் சாப்பாட்டுக்கு வீடு சேர்வது. பத்துப் பன்னிரண்டு தடவை அப்படிப் போயிருப்போம். போன டிசம்பரில்தான் முதல் முறையாக ஒரு ராத்திரி தங்கி, மறுநாள் காலையில் லாங்வுட் சோலைக்குள் வழிகாட்டி ஒருவரோடு நடந்தோம். நான், 69 வயதாகும் அப்பா, ஆறாவது படிக்கும் மகன். அந்த நடையைப் பற்றித்தான் இது.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வயதானவர்களையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு நீலகிரிக்குப் போகிறவர்கள் ஏதாவது ஒரு காட்சிமுனையை விட்டுவிட்டாவது இதற்குப் போங்கள். ஆனால் அவசரப்படாத வழிகாட்டி கிடைக்க வேண்டும். இந்தக் காட்டில் வேகமாக நடந்தால் முக்கால் மணி நேரத்தில் வெளியே வந்துவிடலாம், எதையும் பார்த்திருக்க மாட்டீர்கள். நாங்கள் மூன்று கிலோமீட்டர்கூட இல்லாத தூரத்தை மூன்று மணி நேரம் நடந்தோம். அதில் ஒரு நிமிஷம்கூட வீணில்லை.

இடத்தைப் பற்றிக் கொஞ்சம். லாங்வுட் சோலை கோத்தகிரி ஊரை ஒட்டியே இருக்கிறது. 116 ஹெக்டேர், நம் கணக்கில் சுமார் 287 ஏக்கர். ஒரு பெரிய தேயிலைத் தோட்டத்தின் அளவுகூட இல்லை. சுற்றிலும் தேயிலை, வீடுகள், சாலை. நடுவில் கருகருவென்று ஒரு காடு. மலை மடிப்புகளில், தண்ணீர் வழியும் பள்ளங்களில் மட்டும் இறுகி வளரும் இந்த மாதிரிக் காடுகளுக்குத்தான் சோலை என்று பெயர். நம்முடைய இந்தச் சொல்தான் ஆங்கிலத்தில் ஷோலா ஆகி, அறிவியல் கட்டுரைகள் வரைக்கும் போயிருக்கிறது. 2024 ஜனவரி கடைசியில் இந்தச் சோலையை ராம்சர் பட்டியலில் சேர்த்தார்கள். 1971-இல் ஈரானின் ராம்சர் நகரத்தில் கையெழுத்தான ஒப்பந்தப்படி, உலக அளவில் முக்கியமான நீர்நிலங்களுக்குக் கொடுக்கும் அந்தஸ்து அது. அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டிப் பறவைகள் சரணாலயத்துக்கும் அதே சமயத்தில்தான் கிடைத்தது. கரைவெட்டி ஏரி, சரி. ஆனால் மரக்காடு எப்படி நீர்நிலம் ஆகும்? நுழைவாயில் பக்கத்தில் நின்றுகொண்டு என் மகன் கேட்ட முதல் கேள்வி இதுதான். வழிகாட்டித் தம்பி சிரித்துவிட்டு, "உள்ளே போய்ச் சொல்றேன், கண்ணு" என்றார்.

இது காப்புக்காடு என்பதால் அனுமதி இல்லாமல் உள்ளே போக முடியாது, போகவும் கூடாது. 2024 அக்டோபரில் தமிழக அரசு தொடங்கிய ட்ரெக் தமிழ்நாடு திட்டத்தில் 40 பாதைகள் இருக்கின்றன. லாங்வுட் சோலையும் அதில் ஒன்று, இணையத்திலேயே முன்பதிவு செய்யலாம். எங்களுக்கு நாங்கள் தங்கிய இடத்துக்காரர்கள் மூலமாக, அனுமதியோடு, உள்ளூர் வழிகாட்டி ஒருவர் கிடைத்தார். மூன்று பேருக்குமாக 1,800 ரூபாய் கொடுத்தோம். குறைகளையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நடை உறுதி என்ற தகவல் முந்தின நாள் ராத்திரி ஒன்பதரைக்குத்தான் வந்தது. அதுவரைக்கும் காலையில் எத்தனை மணிக்கு எழுப்புவது என்று தெரியாமல் அப்பாவை உட்கார வைத்திருந்தேன். அட்டை இருக்கும், முழுக்கால் சட்டை போடுங்கள் என்று யாருமே முன்கூட்டிச் சொல்லவில்லை. காட்டுக்குள் கழிப்பறை கிடையாது என்பதையும் சொல்லவில்லை. வயதானவர்களை அழைத்துப் போகிறவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. அப்புறம், எங்களோடு முன்பின் தெரியாத ஆறு பேர் கொண்ட ஒரு குழுவைச் சேர்த்துவிட்டார்கள். அவர்கள் பையில் ஒரு ஸ்பீக்கர் பாடிக்கொண்டே வந்தது. தம்பி முதல் தடவை சொன்னபோது சத்தத்தைக் குறைத்தார்கள், இரண்டாவது தடவை நிறுத்தினார்கள். அதன்பிறகு அந்தப் பிள்ளைகளும் நன்றாகவே பார்த்தார்கள். ஆனாலும் குடும்பமாகப் போகிறவர்கள் தனிக் குழுவாகவே கேளுங்கள். காட்டில் பாதி காதால் பார்ப்பதுதான்.

நடை தொடங்கியது ஆறே முக்காலுக்கு. ஓரத்தில் முதலில் வருவது சோலை இல்லை. கற்பூர மரமும் சீகையும்தான். யூகலிப்டஸைத்தான் மலையில் கற்பூர மரம் என்பார்கள், வாட்டிலைச் சீகை என்பார்கள். இரண்டுமே ஆஸ்திரேலியாவிலிருந்து வெள்ளைக்காரர்கள் காலத்தில் கொண்டுவந்தவை. விறகுக்கு, அப்புறம் தோல் பதனிடும் பட்டைக்கு, அதற்கப்புறம் ஆலைகளுக்குக் கூழ் மரமாக. சிறுமுகை விஸ்கோஸ் ஆலைக்கு இந்தக் கட்டைகள் லாரி லாரியாக இறங்கியதைப் பார்த்திருப்பதாக அப்பா சொன்னார். தம்பி எங்களை அங்கேயே நிறுத்தி, "கீழே மிதிச்சுப் பாருங்க" என்றார். காய்ந்த இலையும் பட்டையும் நொறுங்கின. அடியில் மண் கெட்டியாக இருந்தது. "இதை ஞாபகம் வெச்சுக்குங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு முன்னால் நடந்தார்.

இருபது அடி கூட இருக்காது. வெளிச்சம் சட்டென்று குறைந்து, முகத்தில் குளிர் அடித்தது. சோலைக்குள் வந்துவிட்டோம். மரங்கள் நான் நினைத்ததைப்போல உயரமாக இல்லை. கோணலும் மாணலுமாக, ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து, உச்சியில் குடை பிடித்தமாதிரி விரிந்திருந்தன. அடிமரம் முதல் கிளை நுனிவரை பாசி. சில கிளைகளில் பாசிக்கு மேல் பெரணி, பெரணிக்குப் பக்கத்தில் ஆர்க்கிட் கொத்து. பட்டையைப் பார்க்கவே முடியாது. மகன் மேலே பார்த்து, "அம்மா, பூவு" என்று கத்தினான். உச்சிக்கிளைகளில் சிவப்பும் செம்புநிறமுமாகக் கொத்துக் கொத்தாக இருந்தது. பூ இல்லையாம், நாவல் வகை மரத்தின் கொழுந்து. சோலை மரங்கள் நிறைய இப்படித்தான் சிவப்பாகத் துளிர்த்து, முற்ற முற்றப் பச்சையாகும் என்றார். எங்கள் வீட்டு மாமரமும் அப்படித்தானே துளிர்க்கிறது என்று அப்பா சொன்னதும் தம்பிக்கு ஒரே சந்தோஷம். "ஐயா பிடிச்சுட்டீங்க. இளசா இருக்கும்போது வெயில் சுடாம இருக்க, பூச்சி கடிக்காம இருக்க, அந்தச் சிவப்புதான் காப்பு" என்றார்.

என்னை அந்தக் காலை முழுக்கக் கட்டிப்போட்ட இடம் ஒரு விழுந்த கிளை. சாம்பல் நிறத்தில் காகிதம் கசங்கினமாதிரி ஏதோ அதில் ஒட்டியிருந்தது. தம்பி, "அக்கா, இதை நீங்க மாசத்துக்கு ஒரு தடவையாவது கையில எடுத்திருப்பீங்க, என்னன்னு சொல்லுங்க" என்றார். தெரியவில்லை. மோந்து பார்க்கச் சொன்னார். மண் வாசனையோடு ஒரு மெல்லிய மசாலா வாசனை. கல்பாசி! பிரியாணிக்கும் கறிக்குழம்புக்கும் நாம் போடுகிற கல்பாசி போன்றதொன்று. நான் இத்தனை வருஷமாக அதை ஏதோ ஒரு மரப்பட்டை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது பாசியும் இல்லையாம், பூஞ்சையும் பச்சைநுண்பாசியும் ஒன்றாகக் கூடிக் குடித்தனம் நடத்தும் உயிர். காற்று கெட்டுப்போன இடத்தில் இந்த வகைகள் பல வளரவே வளராது. திருப்பூரில் எங்கள் தெருமரம் எதிலாவது இப்படிப் பார்த்திருக்கிறேனா என்று யோசித்துப் பார்த்தேன். இல்லை.

மகனுக்குப் பிடித்தது மரப்பெரணி. தென்னங்கன்று மாதிரி தண்டு, உச்சியில் பெரணி இலைகள். டைனோசர் காலத்திலேயே மரப்பெரணி இனங்கள் இருந்தன என்று கேட்டதிலிருந்து, அதன் அடியில் ஒரு டைனோசர் நின்றால் எவ்வளவு உயரம் இருக்கும் என்று அண்ணாந்து அளந்துகொண்டே இருந்தான். இன்னும் சுருள் அவிழாத இலை நுனி ஒன்று அவன் கைமுட்டி அளவு இருந்தது. தொடலாமா என்று கேட்டான். தொடலாம், கிள்ளக்கூடாது என்றார் தம்பி. இந்தக் கண்டிப்பு எனக்குப் பிடித்திருந்தது. மூன்று மணி நேரத்தில் அவர் ஒரு இலையைக்கூடப் பறித்துக் காட்டவில்லை. கீழே விழுந்ததை மட்டும் எடுத்துக் கசக்கி மோந்து பார்க்கக் கொடுத்தார். காட்டு லவங்க இலை ஒன்று, பிரிஞ்சி இலை வாசனை. ஓரத்துப் புதரிலிருந்து விழுந்த இன்னொரு இலையை அப்பாவிடம் கொடுத்தார். அப்பா மோந்துவிட்டு உடனே, "மூட்டுவலித் தைலம்" என்றார். சரியாகத்தான் சொன்னார். விண்டர்கிரீன் செடி. வலித் தைலங்களில் அடிக்கும் அந்த வாசனைச் சரக்கு அந்த இலையிலேயே இருக்கிறது. கோத்தகிரிக் கடைகளில் விற்கும் விண்டர்கிரீன் எண்ணெயைத்தான் அப்பா ஒவ்வொரு தடவையும் வாங்குவார். செடியை அன்றைக்குத்தான் பார்த்தார்.

குறிஞ்சியைப் பற்றி ஒரு வார்த்தை. குறிஞ்சி பூத்திருக்குமா என்று கேட்டுக்கொண்டு இங்கே வருகிறவர்கள் நிறைய இருக்கிறார்களாம். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மலையை நீலமாக்கும் குறிஞ்சி திறந்த புல்வெளிச் சரிவில் வளர்வது. 2006, 2018 என்று பூத்த அந்தக் கணக்குப்படி அடுத்தது 2030. சோலையின் நிழலுக்குள் இடுப்பளவு அடர்ந்து நிற்பவை அதே குடும்பத்து வேறு இனங்கள். பூக்காத காலத்தில் யாரும் திரும்பிப் பார்க்காத வெறும் பச்சைப் புதர். ஆனால் தரையில் வாழும் பறவைகளுக்கு அதுதான் வீடு. அந்தப் புதருக்குள்ளிருந்துதான் நாங்கள் அன்றைக்குப் பார்த்ததிலேயே அழகான பறவை வந்தது. சிட்டுக்குருவியைவிடச் சின்னது, உடம்பெல்லாம் ஆரஞ்சு, தலையும் இறக்கையும் கறுப்பு. கருஞ்செம்பழுப்பு ஈப்பிடிப்பான். தென்னிந்தியாவின் உயரமான மலைகளைத் தவிர உலகத்தில் வேறெங்கும் கிடையாது. எங்களிடமிருந்து ஆறடி தூரத்தில், பயமே இல்லாமல், ஒரு கிளையில் உட்கார்ந்து வாலை ஆட்டிக்கொண்டிருந்தது. பைனாகுலரே தேவைப்படவில்லை.

நீலகிரி சிரிப்பானைப் பார்ப்பதற்கு முன்னால் கேட்டோம். முதலில் ஒன்று, பதிலுக்கு இன்னொன்று, அப்புறம் கூட்டமாக. கல்யாண வீட்டில் பின்கட்டில் உட்கார்ந்து பெண்கள் சிரிப்பார்களே, அந்த மாதிரி. சிரிப்பான் என்று பேர் வைத்தவர் காதுக்குக் கும்பிடு போடலாம். இந்தப் பறவை நீலகிரியையும் அதை ஒட்டிய உயர மலைகளையும் விட்டால் வேறு எங்கும் இல்லை, அழியும் ஆபத்தில் இருக்கும் பட்டியலில் இருக்கிறது. கோத்தகிரி ஊருக்குப் பக்கத்திலேயே அது சிரித்துக்கொண்டிருக்கிறது என்பது இத்தனை வருஷம் எங்களுக்குத் தெரியாது. தண்ணீர்ப் பக்கம் போகும்போது இன்னொரு குரல் கேட்டது. சின்னப் பையன் ஒருவன் பாட்டு மறந்துபோய் விசிலில் தேடுகிறமாதிரி. சீகாரப் பூங்குருவி என்றார் தம்பி. குரலை மட்டும் கேட்டோம், ஆளைக் காணவில்லை.

நடுவழியில் பாதையின் குறுக்கே ஈரச் சாணம். காட்டெருமை. தம்பி கையை உயர்த்தினார், எல்லாரும் நின்றோம். இடது பக்கச் சரிவில் கிளை ஒடியும் சத்தம். கொஞ்ச நேரம் கழித்து மரங்களுக்கு இடையே ஒரு கறுத்த முதுகு, அதற்குக் கீழே முழங்காலுக்கு வெள்ளைக் காலுறை போட்டமாதிரி நாலு கால்கள். பெரிய கிடா ஒரு டன் எடைகூட வரும். ஓடாதீர்கள், பேசாதீர்கள், போனைத் தூக்காதீர்கள் என்று முன்பே சொல்லியிருந்தார். அது எங்களைப் பார்த்தது, மூக்கால் ஒரு காற்று விட்டது, மறுபடியும் மேயப் போய்விட்டது. நாங்கள் பன்னிரண்டு நிமிஷம் நின்றோம். அது தானாக விலகிப் போன பிறகுதான் அடி எடுத்து வைத்தோம். மகன் என் கையை விடவே இல்லை. சிறுத்தையும் கரடியும் கோத்தகிரிப் பக்கம் நடமாடுபவைதான், ஆனால் பகலில் மனிதர்களைக் கேட்டதும் ஒதுங்கிவிடும், திடீரென்று எதிர்ப்படும் காட்டெருமையிடம்தான் அதிகக் கவனம் வேண்டும் என்றார் தம்பி. தனியாகப் போக நினைக்கிறவர்களுக்கு இந்த ஒரு காரணமே போதும். அந்தச் சாணம் ஈரமா காய்ந்ததா என்று பார்க்கவே எனக்குத் தோன்றியிருக்காது.

இப்போது மகனின் கேள்விக்கு வருகிறேன். ஒரு பள்ளத்தில் நின்று, தம்பி அவனைக் கீழே மிதிக்கச் சொன்னார். மெத்தை மாதிரி அமுங்கியது. கற்பூர மரத்தடியில் நொறுங்கியது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டார். அப்புறம் விழுந்து கிடந்த ஒரு மரத்தின்மேல் இருந்த பாசியை, பிய்க்காமல், உள்ளங்கையால் அழுத்திப் பார்க்கச் சொன்னார். விரல் இடுக்கிலெல்லாம் தண்ணீர் வழிந்தது. அன்றைக்கு மழை இல்லை. நாலு நாளாகவே இல்லை. "கண்ணு, உங்க ஊர் ஏரியில தண்ணி மேல தெரியும். இங்க தண்ணி பாசிக்குள்ள, இலைமக்குக்குள்ள, வேருக்குள்ள இருக்கு. அவ்வளவுதான் வித்தியாசம்" என்றார். மழைக்காலத்தில் குடித்ததைக் காடு கோடையில் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. அதனால்தான் சோலைக்குள்ளிருந்து வரும் ஓடைகள் வெயில் காலத்திலும் ஓடுகின்றன. கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழையும் நன்றாகப் பெய்வதால், டிசம்பரில் காடு வயிறு நிறைய இருக்கிறது.

அப்பா அதுவரைக்கும் அதிகம் பேசவில்லை. அவர் திருப்பூரில் 31 வருஷம் குடிநீர்க் குழாய்க்கு வால்வு மேனாக இருந்தவர். எந்தத் தெருவுக்கு எந்த நாள், எத்தனை மணிக்குத் திறப்பது என்று இன்றைக்கும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். எங்கள் ஊர்த் தண்ணீரில் ஒரு பங்கு மேட்டுப்பாளையத்தில் பவானி ஆற்றிலிருந்து குழாயில் வருகிறது. கோத்தகிரி மலையிலிருந்து தெற்கே இறங்குகிற ஓடைகள் பவானிக்கும், வடக்கே இறங்குகிறவை மோயாற்றுக்கும் போய், கடைசியில் எல்லாம் பவானிசாகர் அணையில் கூடும். அப்பா அந்தப் பாசியைக் குனிந்து அழுத்தினார், கையை மோந்து பார்த்தார், இன்னொரு தடவை அழுத்தினார். "இது மேல்நிலைத் தொட்டி, அம்மிணி" என்றார் என்னிடம். "நான் இத்தனை வருஷம் கீழ் வால்வுல நின்னிருக்கேன்."

அவர் அப்படி ஒரு குரலில் பேசி நான் கேட்டது ரொம்ப நாளாயிற்று.

இதே இடத்தில்தான் தம்பி ஒரு சின்ன நாற்றைக் காட்டினார். விரல் உயரம்கூட இல்லை. இந்தச் சோலை மரக்கன்றைக் கொண்டுபோய் வெளியே திறந்த வெளியில் நட்டால் ஜனவரி உறைபனியில் கருகிவிடும், தாய்மரங்களின் நிழலுக்குள்தான் தப்பிக்கும் என்றார். அதனால் ஒரு சோலையை வெட்டிவிட்டால் மறுபடியும் நட்டு எழுப்புவது லேசான காரியம் இல்லை. இருப்பதைக் காப்பதுதான் வழி. ஓரங்களில் ஆரஞ்சுப் பூப் பூத்த செஸ்ட்ரம் என்ற அந்நியச் செடி உள்ளே நுழையப் பார்க்கிறது. உன்னிச்செடியும் அப்படித்தான். ஒரு பக்கம் அதை வேரோடு பிடுங்கிக் குவித்திருந்தார்கள். காட்டின் ஓரத்தில் பிஸ்கட் உறைகளும் தண்ணீர்ப் பாட்டில்களும் கிடந்தது மனதுக்குக் கஷ்டமாக இருந்தது. தம்பி இடுப்பில் ஒரு துணிப்பை கட்டியிருந்தார். கண்ணில் படுவதையெல்லாம் அதில் போட்டுக்கொண்டே வந்தார். பாதி வழியில் மகனும் அந்தக் குழுவில் வந்த ஒரு பெண்ணும் சேர்ந்துகொண்டார்கள். திரும்பும்போது பை நிறைந்திருந்தது.

அட்டைக்கு வருகிறேன். என் காலில் மூன்று, அப்பா காலில் ஒன்று, மகன் காலில் ஐந்து. வலிக்காது. அதன் எச்சிலில் ரத்தம் உறையாமல் இருக்க ஒரு சரக்கு இருப்பதால், விழுந்த பிறகும் கொஞ்ச நேரம் கசியும். பிடித்து இழுக்காதீர்கள், நகத்தால் பக்கவாட்டில் தள்ளினால் விட்டுவிடும். உப்பு மூட்டை கொண்டுபோவது பழைய பழக்கம். காட்டுத் தரையில் உப்பைக் கொட்ட வேண்டாம் என்றார் தம்பி. அட்டைச் சாக்ஸ் என்று முழங்கால் வரை வரும் துணி உறை கிடைக்கிறது, அதை வாங்கிக்கொண்டு போங்கள். நாங்கள் அடுத்த முறைக்கு வாங்கிவிட்டோம். காலில் நல்ல பிடிப்புள்ள ஷூ வேண்டும். வேர்களும் ஈர இலையும் வழுக்கும். அப்பாவுக்கு இரண்டு இடத்தில்தான் கை கொடுக்க வேண்டியிருந்தது. ஏற்றம் பெரிதாக இல்லை, மூட்டு ஓரளவு நன்றாக இருப்பவர்கள் ஊன்றுகோலோடு நிதானமாக நடக்கலாம். சக்கர நாற்காலியோ தள்ளுவண்டியோ போகாது. நாலைந்து வயதுக் குழந்தைகளுக்கு மூன்று மணி நேரம் அதிகம். பளிச்சென்ற நிறச் சட்டையும் வாசனைத் திரவியமும் வேண்டாம். ஒரு ஸ்வெட்டர், குடிதண்ணீர், மழைக்கு ஒரு கோட்டு போதும். கிளம்பும் முன் தங்கும் இடத்திலேயே கழிப்பறை போய்விட்டு வாருங்கள்.

எப்போது போகலாம் என்றால், பாசியும் ஓடையும் பார்க்க நவம்பர், டிசம்பர். அட்டை குறைவாக வேண்டுமென்றால் ஜனவரி. காட்டுப்பூவரசு சிவப்பாகப் பூக்கத் தொடங்குவதும் அந்தச் சமயம்தான். கோடை தொடக்கத்தில், காட்டுத் தீ பயமுள்ள மாதங்களில், மலையேற்றப் பாதைகளை மூடிவிடுவார்கள். 2018 மார்ச்சில் குரங்கணியில் இருபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் தீயில் போனது யாருக்கும் மறந்திருக்காது. மூடியிருக்கும்போது கெஞ்சியோ, தெரிந்தவர் மூலமாகவோ உள்ளே போகப் பார்க்காதீர்கள்.

மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு 33 கிலோமீட்டர், அரசுப் பஸ் அடிக்கடி இருக்கிறது. காலை நடைக்கு முந்தின நாளே போய்த் தங்குவதுதான் நல்லது. பறவைகளுக்கு ஏழு மணிக்கு மேல் காத்திருக்கும் பழக்கம் இல்லை.

நடையின் கடைசியில், சோலை முடிகிற இடத்தில், ஓடையை மறித்து ஒரு சின்னச் சிமெண்ட் தொட்டி கட்டியிருந்தார்கள். அதிலிருந்து ஒரு இரும்புக் குழாய் கீழே கிராமங்களுக்குப் போகிறது. மற்றவர்கள் எல்லாரும் டீ குடிக்கிற அவசரத்தில் இருந்தார்கள். அப்பா மட்டும் குழாய் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, உள்ளங்கையை அதன்மேல் வைத்தார். அப்புறம் காதை வைத்தார். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுத் தம்பியைக் கூப்பிட்டார்.

"தம்பி, இது முழுக்குழாய் ஓடலைங்க. உள்ளே காத்து அடைச்சிருக்கு. கீழ எங்கயாவது குழாய் மேடேறி இறங்குதா?"

ஒரு மேடு இருக்கிறது, அந்த மேட்டுக்கு அந்தப் பக்கம் வெயில் காலத்தில் தண்ணீர் நூல் மாதிரிதான் வரும், ஓடையில் தண்ணீர் இல்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம் என்றார் தம்பி. ஓடையில் தண்ணீர் இருக்கிறது, மேட்டு உச்சியில் ஒரு ஏர் வால்வு வைத்தால் காற்று வெளியே போய் முழுக்குழாயும் ஓடும் என்று அப்பா மண்ணில் குச்சியால் கோடு போட்டு விளக்கினார். தம்பி அந்தக் கோட்டைப் போனில் படம் எடுத்துக்கொண்டார். எங்களைக் காட்டுக்குள் மூன்று மணி நேரம் கூட்டிக்கொண்டு போனவர், அந்தக் கால் மணி நேரம் அப்பா முன்னால் மாணவன் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

பொங்கல் முடிந்த வாரம் அப்பாவுக்கு அவரிடமிருந்து போன் வந்தது. ஊர்க்காரர்கள் சேர்ந்து பணம் போட்டிருக்கிறார்களாம். "எத்தனை இன்ச் ஏர் வால்வு வாங்கணும் ஐயா?" என்று கேட்டார். குழாய் மூன்று இன்ச் என்பதால் ஒரு இன்ச் வால்வு போதும் என்று சொல்லிவிட்டு, மாட்டுகிற அன்றைக்குத் தானும் வருவதாக அப்பா தேதி கேட்டுக்கொண்டார்.